பொருள் வரையறையும் விலைவாசியும்

பரிக்கிரக பரிமாண விரதம் ஏற்ற இல்லறத்தார் ஒருவர், தம் உடைமைக்கு வகுத்த எல்லையை ரூபாயில் எழுதி வைத்திருக்கிறார் என்று கொள்வோம். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த விரதம் என்ன ஆகிறது?

கணக்கை முதலில் பார்ப்போம். ஆண்டுக்கு 7 விழுக்காடு வீதம் விலைகள் ஏறினால், பத்தாண்டில் அவை ஏறத்தாழ இரட்டிக்கும். நாற்பது ஆண்டில் ஏறத்தாழப் பதினைந்து மடங்காகும். முப்பத்தைந்தாம் வயதில் ஜினாலயத்தில் நின்று, "ஒரு இலட்சத்துக்கு மேல் வேண்டேன்" என்று உறுதி பூண்டவர், எழுபத்தைந்தாம் வயதிலும் அதே எண்ணைப் பற்றி நின்றால், அவர் கையில் இருப்பது பழைய மதிப்பில் ஆறாயிரத்துச் சொச்சமே. எண்ணை உயர்த்தினாலோ, விரதத்தை மீறிவிட்டோமோ என்னும் ஐயம் உள்ளத்தை அரிக்கும். நம் முதியோரில் நேர்மையாளர் சிலரை இந்த ஐயம் உண்மையாகவே வருத்துகிறது. "காலம் மாறிவிட்டது" என்று எளிதாகச் சொல்லி எல்லையைத் தளர்த்திக்கொள்வோர்க்கு ஐயமே எழுவதில்லை.

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இவ்விரதத்தின் அதிசாரங்களைக் கூறுமிடத்து, எல்லை மீறலுக்கு இடமாவன எவை என்று எண்ணிக் காட்டுகிறார். நிலமும் மனையும், வெள்ளியும் பொன்னும், கால்நடையும் தானியமும், பணியாளர், ஆடை கலம் முதலியன. அனைத்தும் பொருள்கள். இத்தனை காணி, இத்தனை கலம் நெல் என்று எல்லை கட்டியவனுக்கு விலைவாசி ஒரு பொருட்டன்று. நாணயத்தில் எல்லை எழுதத் தொடங்கிய பின்னரே இந்தச் சிக்கல் நம் வாசலுக்கு வந்தது.

முன்னோர் அறக்கட்டளைகளிலும் இக்கருத்தைக் காணலாம். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்கெரிக்கத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகள் விடப்படும். அவற்றைச் "சாவா மூவாப் பேராடு" என்பர. இறப்பதைப் பிறப்பது ஈடு செய்யுமாதலின் மந்தையின் எண்ணிக்கை குறையாது. மேய்ப்பவர் நாள்தோறும் அளக்கும் நெய்யும் குறையாது. நெய் விலை ஏறினாலும் இறங்கினாலும் விளக்கு எரியும். இதற்கு மாறாக, ஐம்பது ஆண்டுக்கு முன் ஆயிரம் ரூபாயை வங்கியில் இட்டு, அதன் வட்டியில் நாள்தோறும் விளக்கேற்றுமாறு எழுதி வைத்த கட்டளை எதையேனும் இன்று எடுத்துப் பாருங்கள். அந்த வட்டி ஒரு வாரத்து எண்ணெய்க்கும் போதாது. கொடுத்தவரும் குறை செய்யவில்லை. காத்தவரும் களவு செய்யவில்லை. விளக்கு மட்டும் அணைந்துவிட்டது.

எங்கள் வேடந்தாங்கலுக்கு அருகிருப்போர்க்கு இன்னொரு சான்றும் உண்டு. ஏரிக்கு வரும் பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டதால் மனம் நொந்த ஊரார் செங்கற்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டு, 1798-இல் லயோனல் பிளேஸ் என்பாரிடம் கவுல் பெற்றனர். 1858-இல் அதைப் புதுப்பித்துக்கொண்டனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமாவதையும் அவர்கள் அறிந்தே இருந்தனர். அபயதானத்தோடு பயனும் சேர்ந்தால் அதில் இழுக்கொன்றும் இல்லை. அரசு கொடுத்த அவ்வுறுதி பறவைகளின் உயிரைப் பற்றியது. அதற்குப் பதிலாக ஆண்டுக்கு இத்தனை வராகன் இழப்பீடு என்று எழுதித் தந்திருப்பின் இன்று என்ன மிஞ்சியிருக்கும்?

விலைவாசியோடு பிணைத்த அரசுப் பத்திரம் என்பதும் இத்தகைய உறுதிதான். "இத்தனை ரூபாய் திருப்பித் தருவேன்" என்பதோடு நில்லாமல், "நீ தந்தபோது அந்த ரூபாய் எவ்வளவு வாங்கிற்றோ அவ்வளவு வாங்கும்படி திருப்பித் தருவேன்" என்று அரசு சொல்கிறது. அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1780-இல், மாசசூசெட்சு அரசு தன் வீரர்க்குத் தந்த கடன்பத்திரங்கள் சோளம், மாட்டிறைச்சி, ஆட்டுமயிர், செருப்புத்தோல் ஆகிய நான்கின் விலையோடு கட்டப்பட்டிருந்தன. இங்கிலாந்தில் 1975-இல் ஓய்வூதிய வயதினர்க்கு மட்டும் இத்தகைய சேமிப்புச் சான்றிதழ் வந்தது. மக்கள் அதனைப் பாட்டிமார் பத்திரம் என்றே அழைத்தனர்.

நம் நாட்டில் இந்திய ரிசர்வ் வங்கி 2013 டிசம்பர் 23 அன்று இதனைப் பொதுமக்களுக்கெனக் கொணர்ந்தது. பத்தாண்டுப் பத்திரம், குறைந்த அளவு 5,000 ரூபாய். நுகர்வோர் விலைக் குறியீட்டெண் ஏறும் அளவு, அதன்மேல் நிலையாக 1.5 விழுக்காடு, அரையாண்டுக்கு ஒருமுறை கூட்டுவட்டியாகச் சேர்ந்து இறுதியில் கிடைக்கும். அறுபத்தைந்து வயது கடந்தோர் ஓராண்டுக்குப் பின்னும், ஏனையோர் மூன்றாண்டுக்குப் பின்னும் சிறு தண்டத்தோடு முடித்துக்கொள்ளலாம். 2014 மார்ச் 31 வரை காலம் நீட்டியும் மக்கள் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. முதிர்வுக் காலமும் கடந்துவிட்டது. புதிதாக வாங்க இன்று அது கிடைப்பதில்லை. 2020-இல் வந்த மாறுவட்டிச் சேமிப்புப் பத்திரம் வேறு வகை. அதன் வட்டி தேசிய சேமிப்புப் பத்திரத்தின் வட்டியைவிட 0.35 விழுக்காடு கூடுதலாக அமையுமேயன்றி, விலைவாசியோடு நேராகப் பிணைந்ததன்று.

கடையில் இல்லாத சரக்கைப் பற்றி ஏன் இவ்வளவு என்று கேட்பீர்கள். அந்தப் பத்திரம் தன் வட்டியை இரு கூறாகப் பிரித்துக் காட்டியது. சாதாரண வைப்புநிதியில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் காத்தலும் பெருக்கலும் அதில் தனித்தனியே தெரிந்தன. பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது. விலைவாசி 6 விழுக்காடு ஏறுகிறது. பத்திரம் 7.5 விழுக்காடு வீதம் 750 ரூபாய் தரும். இதில் 600 ரூபாய், உள்ளதைத் தேயாமல் காத்தது. 150 ரூபாய் மட்டுமே புதிதாக வந்தது. என் கருத்தில், முதல் 600-ஐ ஏற்பதால் விரதத்துக்கு ஊறில்லை. எல்லை அதே இடத்தில் நிற்க, அளவுகோல் சுருங்கியதைச் சரிசெய்துகொண்டோம், அவ்வளவே. 150-ஐத்தான் எல்லையோடு வைத்து நோக்க வேண்டும்.

இந்த வேறுபாட்டை வருமானவரிச் சட்டம் அறியாது. அது 750-ஐயும் வருமானம் என்றே கொள்ளும். இருபது விழுக்காடு வரி கட்டுபவர்க்கு 150 ரூபாய் போய்விடும்; புதிதாக வந்தது முழுதும் கரைந்தது. முப்பது விழுக்காடு என்றால் காத்ததிலும் 75 குறையும். ஆகவே இடர் இல்லாத முதலீடு என்று இதனை முழுமையாகச் சொல்லிவிட முடியாது. அரசு வாக்குத் தவறும் என்ற அச்சம் குறைவு. வரிக்குப்பின் தேயாது என்ற உறுதி எல்லார்க்கும் இல்லை.

குறியீட்டெண் யாருடைய கூடையை அளக்கிறது என்பதும் ஒரு கேள்வி. மாசசூசெட்சுப் பட்டியலில் இரண்டு பொருள்கள் நம் வீட்டுப் படியேற மாட்டா. நம் நாட்டில் 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட குறியீட்டிலும் இறைச்சிக்கும் மீனுக்கும் 3.61 விழுக்காடு இடம், மருத்துவத்துக்கு 5.89. கிழங்கையும் ஒதுக்கி, பொழுது சாயுமுன் உணவை முடித்து, மாதந்தோறும் மருந்துக்கடைக்கு நடக்கும் முதிய சிராவகியின் கணக்கில் முன்னது சுழி, பின்னது பன்மடங்கு. எனவே அரசின் எண்ணை வாங்கி நம் எல்லையோடு பெருக்கினால் போதும் என்று நான் சொல்லமாட்டேன்.

இனி, மனத்தின் கதை. 2013 நவம்பரில் சில்லறை விலைவாசி ஏற்றம் 11 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. 2017 ஜூனில் அது 2 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. பத்திரத்தின் வரவும் உடன் இறங்கிற்று. 2013-இல் 9 விழுக்காட்டுக்கு வைப்புநிதி இட்ட அண்டை வீட்டாரைப் பார்த்தால், பத்திரம் வாங்கியவர்க்கு ஏமாந்தோம் என்று தோன்றும். உண்மையில் அவர் இழந்தது எதுவுமில்லை. விலை ஏறாததால் ஈடும் வேண்டியிருக்கவில்லை. சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்துக்கு எண்ணிய அதிசாரங்கள் ஐந்தில் அதிவிஸ்மயம் ஒன்று. பிறர் பெற்ற இலாபம் கண்டு வியந்து உள்ளம் வெதும்புவது. அதிலோபம் இன்னொன்று. தமிழ்நாட்டில் தொண்ணூறுகளில் மிகுவட்டி காட்டிய நிதி நிறுவனங்கள் கவிழ்ந்து, 1997-இல் வைப்பாளர் நலன் காக்கத் தனிச் சட்டமே இயற்ற வேண்டி வந்தது. ஓய்வூதியப் பணத்தை அங்கே கொண்டு கொட்டியவர் பலரும் "விலைவாசி ஏறுகிறதே" என்றுதான் சொன்னார்கள். காத்தல் என்னும் பெயரில் பெருக்கல் நுழையும் வழி அது.

எல்லையை எப்படி எழுதுவது? என் யோசனை இது. ரூபாயை விட்டு, மாதங்களில் எழுதுக. நம் இல்லத்தின் எளிய உணவு, மருந்து, ஆலயச் செலவு ஆகியன சேர்ந்த ஒரு மாதச் செலவை அளவுகோலாக வைத்து, இத்தனை மாதத்துக்கு மேல் வைத்திருக்க மாட்டேன் என்று கொள்ளலாம். மாதச் செலவில் ஆடம்பரம் புகாது காப்பது அவரவர் மனச்சான்றின் வேலை. பட்டுச்சேலையை மாதச் செலவில் சேர்ப்பவரை எந்தக் குறியீட்டெண்ணும் தடுக்காது. மகாவீர நிர்வாண நாளாகிய தீபாவளியன்று ஆண்டுக்கு ஒருமுறை கணக்கைத் திறந்து, அவ்வாண்டு விலைகளைக் கொண்டு எல்லையைத் திருத்துக. இடையில் திருத்தலாகாது. எல்லைக்கு மேல் நின்ற தொகை, அது நூற்றைம்பதாயினும் ஆயிரத்தைந்நூறாயினும், உணவு, மருந்து, நூல், அபயம் என்னும் நால்வகைத் தானத்துள் ஒன்றுக்கு அன்றே போய்விடட்டும். அடுத்த ஏட்டில் முன்னிருப்பாக அது ஏற வேண்டா.