எந்தத் துப்பாக்கி எனக் கேட்பதற்கு முன்

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி வாங்க எண்ணும் ஒருவரின் முன் இரண்டு கேள்விகள் எழுகின்றன. சுட்டுப் பழகுவதற்கு எது உகந்தது? அன்றாடம் இடுப்பில் சுமந்து திரிவதற்கு எது உகந்தது? விடயம் தெரிந்தோர் தரும் பதில் பெரும்பாலும் இதுதான்: பழகுவதற்கு .22 கலிபர், அதன் ரவை மலிவு, உதைப்பும் ஓசையும் குறைவு. சுமப்பதற்கு 9 மில்லிமீற்றர். சிறிய துப்பாக்கி ஆடைக்குள் எளிதில் மறையும். ஆனால் கையைக் கூடுதலாக உதைக்கும். பெரியது சுடுவதற்கு இலகு, மறைப்பது கடினம். .45 தான் வேண்டும் என வாதிடுவோரும் உளர்.

இதில் அறத்துக்கு என்ன வேலை என வாசகர் கேட்கலாம். தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. அதனை வெளியே சுமந்து செல்வதும் உரிமையே என 2022இல் கூறியது. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அதற்கு அனுமதிப்பத்திரமே தேவையில்லை. ஆக, 'சுமக்கலாமா?' என்பதற்குச் சட்டம் விடை சொல்லிவிட்டது. 'சுமக்க வேண்டுமா?' என்பது மனச்சாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது. அதற்கு விடை தேடாமலே 'எதைச் சுமப்பது?' என்ற கேள்விக்குத் தாவிவிடுவதுதான் இங்குள்ள சிக்கல்.

கலிபர் என்பது குழலின் விட்டம், வெறும் அளவு. எனினும் .45 என்ற அளவுக்கு ஒரு வரலாறு உண்டு. அது நம்மைப் போன்றோர் அறிந்திருக்க வேண்டிய வரலாறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் படைகள் பிலிப்பைன்ஸை ஆக்கிரமித்திருந்தன. தெற்கே மிண்டனாவோ, சுலு தீவுகளின் மோரோ முஸ்லிம்கள் பணிய மறுத்தனர். வாளேந்திப் பாய்ந்து வரும் மோரோ வீரனைத் தமது .38 ரிவோல்வர் தடுத்து நிறுத்தவில்லை எனப் படையினர் முறையிட்டனர். 1904இல் தொம்ஸன், லகார்ட் என்ற இரு இராணுவ அதிகாரிகள் மனிதப் பிரேதங்களிலும் சிக்காகோ இறைச்சித் தொட்டியில் நின்ற மாடுகளிலும் சுட்டுப் பரிசோதித்தனர். .45க்குக் குறையாத கலிபரே வேண்டும் என்றனர். 1911இல் ஜோன் பிரௌனிங் வடிவமைத்த .45 பிஸ்டலை இராணுவம் ஏற்றுக்கொண்டது. இடையில், 1906 மார்ச்சில், புட் டாஜோ எரிமலையின் உச்சியில் பெண்களும் சிறுவர்களும் அடங்கலாக நூற்றுக்கணக்கான மோரோக்கள் அதே இராணுவத்தால் கொல்லப்பட்டனர்.

'தடுத்து நிறுத்தும் வலு' எனத் துப்பாக்கிப் பிரியர்கள் இன்று பேசும்போது இந்தப் பின்னணி மறைந்துவிடுகிறது. பாய்ந்து வந்தவன் தன் மண்ணில் நின்றவன். தற்காத்துக்கொண்டவனோ கடல் கடந்து வந்தவன். யார் தாக்குபவர், யார் தற்காப்பவர் என்பதைக் கலிபர் ஒருபோதும் சொல்லாது.

பெரிய கலிபர்தான் உயிர்காக்கும் என்ற நம்பிக்கையும் நிலைக்கவில்லை. 1986 ஏப்ரலில் மியாமியில் நடந்த துப்பாக்கிச் சமரில் இரு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் கொல்லப்பட்டனர். எதிராளியின் உடலில் பாய்ந்த 9 மில்லிமீற்றர் சன்னம் இதயத்தை எட்டாமல் நின்றதே காரணம் எனப்பட்டது. அந்த அமைப்பு 10 மில்லிமீற்றருக்கும் பின்னர் .40க்கும் மாறியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின் மீண்டும் 9 மில்லிமீற்றருக்கே திரும்பியது. நவீன சன்னங்களைப் பொறுத்தவரை கைத்துப்பாக்கிக் கலிபர்களிடையே பெரிய வேறுபாடில்லை, சன்னம் எங்கே படுகிறது என்பதே முக்கியம் என்பது அதன் முடிவு. கேள்வி கருவியிலிருந்து கைக்குத் திரும்பியது. நியூயோர்க் பொலிஸார் 1998 முதல் 2006 வரை துப்பாக்கிச் சமர்களில் சுட்ட வேட்டுக்களில் நூற்றுக்குப் பதினெட்டே இலக்கில் பட்டன. பயிற்சி பெற்றவர்களின் நிலையே இது. தவறிய வேட்டுக்கள் வெற்றிடத்துக்குப் போவதில்லை, தெருவுக்கே போகின்றன. அம்புடன் கடைத்தெருவைக் கடப்பவர் அதன் முனையைக் கையால் பொத்திக்கொள்ளட்டும் என நபிகளார் பணித்தது இந்தப் பொறுப்பைத்தான்.

அப்படியாயின் பயிற்சி கடமையாகிறது. துப்பாக்கியைச் சுமந்துகொண்டு பழகாமலிருப்பவர் மற்றெல்லோரையும் விட ஆபத்தானவர். ஆனால் பயிற்சி எதைப் பழக்குகிறது? யோசிக்காமல் கை இயங்குவதையே. கடதாசி இலக்குக்கு முகமில்லை, மன்னிப்புக் கேட்க வாயுமில்லை. 1999 பெப்ரவரி 4ஆம் திகதி நியூயோர்க்கில் தன் வீட்டு வாசலில் நின்ற கினி நாட்டு முஸ்லிம் இளைஞர் அமது டியாலோவை நோக்கிச் சிவில் உடையிலிருந்த நான்கு பொலிஸார் 41 தடவை சுட்டனர். 19 சன்னங்கள் உடலில் பட்டன. அவர் கையிலிருந்தது பணப்பை. அதைத் துப்பாக்கி என நினைத்ததாகப் பொலிஸார் கூறினர். 2000ஆம் ஆண்டில் விடுதலையும் பெற்றனர். தயக்கம் உயிரைப் பறிக்கும் என்று பயிற்சி சொல்கிறது. தயக்கம்தான் அந்த இளைஞரின் உயிரைக் காத்திருக்கும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, துப்பாக்கியே வேண்டாம் என்று தூரத்திலிருந்து உபதேசிப்பது எளிது. கொல்வேன் என மிரட்டும் முன்னாள் கணவனுக்கு அஞ்சி வாழும் பெண்ணுக்கு, பொலிஸார் வந்துசேர நெடுநேரமாகும் தனிவீட்டில் வாழ்பவருக்கு அந்த உபதேசம் பயன்படாது. நமக்கும் அந்த அச்சம் அந்நியமானதல்ல. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்ட பின், ஊரைக் காக்க ஆயுதம் கேட்ட தகப்பன்மாரை யாரால் குறை சொல்ல முடியும்? ஆயினும் 1992 ஏப்ரல் 29ஆம் திகதி அழிஞ்சிப்பொத்தானையில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டதும், காவலுக்கென நமது ஊர்காவல் படையினருக்குக் கொடுக்கப்பட்ட துப்பாக்கிகள் அயற் கிராமங்களின் அப்பாவித் தமிழர்கள் மீது திரும்பின என்பதையும் நாம் மறக்கலாகாது. காவலுக்கு வாங்கிய ஆயுதம் காவலோடு நின்றுவிடும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

அமெரிக்க வீடுகளில் அது பெரும்பாலும் வைத்திருப்பவர் மீதே திரும்புகிறது. 2021இல் அங்கு துப்பாக்கியால் மாண்ட 48,000க்கும் மேற்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். கலிபோர்னியாவில் நடத்தப்பட்டு 2020இல் வெளியான பேராய்வொன்று, கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் அவ்வாறு இறக்கும் வாய்ப்பு ஏனைய ஆண்களைவிட எட்டு மடங்கு, பெண்களில் முப்பத்தைந்து மடங்கு எனக் கண்டது. எதிர்பார்த்த கள்வன் வராமலே போகலாம். மனச்சோர்வு ஒருநாள் வரக்கூடும். அன்று துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

ஆகவே 9 மில்லிமீற்றரா .45ஆ என்று கேட்பவர் முதலில் தன்னையே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளட்டும். நான் அஞ்சுவது பெயர் சொல்லக்கூடிய ஒருவனுக்கா, அல்லது முகமற்ற ஒரு கூட்டத்துக்கா? என் கோபமும் என் துயரமும் இந்த இரும்போடு ஒரே வீட்டில் வாழத் தக்கவையா? தவறிப்போகும் ஒவ்வொரு சன்னத்துக்கும் பதில் சொல்ல என்னால் முடியுமா? இவற்றுக்கு நேர்மையாக விடை கண்டவர் ஒருவேளை துப்பாக்கியைச் சுமக்கலாம். கலிபர் அவருக்குச் சிறிய விடயமாகிவிடும். விடை காணாதவருக்கோ எந்தக் கலிபரும் பெரிதுதான்.