காவலும் கையெழுத்தும்

பெண் இயற்கையின் பிள்ளை, ஆகையால் காட்டைக் காப்பது அவள் சுபாவம் என்று மேடைகளில் பேசக் கேட்கிறோம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பெண்ணைத் தாய், தெய்வம் என்று நாம் புகழத் தொடங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது: அவளுக்குச் சேர வேண்டிய எதையோ கொடுக்காமல் விடப் பார்க்கிறோமோ?

இமயமலைச் சாரலில், சமோலி ஜில்லாவில் ரேணி என்று ஒரு கிராமம். 1974 மார்ச் 26-ந் தேதி, நிலத்துக்கு நஷ்டஈடு வாங்க ஆண்கள் வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து, காண்ட்ராக்டரின் ஆட்கள் கோடாலியோடு வந்தார்கள். கௌரா தேவியின் தலைமையில் 27 பெண்கள் மரங்களுக்கு முன்னே போய் நின்றார்கள். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

இது ஊரறிந்த கதை. அதிகம் பேசப்படாத கதை ஒன்றும் அதே ஜில்லாவில் உண்டு. 1980-ல் டூங்ரி பைந்தோலி என்ற ஊரின் ஓக் காட்டை வெட்டக் கொடுத்தால் ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் வரும் என்றார்கள். பஞ்சாயத்து ஆண்கள் சம்மதித்தார்கள். பெண்கள் மறுத்தார்கள், எதிர்த்து நின்று காட்டைக் காப்பாற்றினார்கள்.

அந்த ஆண்கள் கெட்டவர்களா? ரோடும் ஆஸ்பத்திரியும் நல்லவைதாம். ஆனால் காடு போனபின் விறகுக்கும் புல்லுக்கும் இன்னும் பல மைல் நடக்க வேண்டியவை யாருடைய கால்கள்? பேரம் பேசியவர் ஒருவர், விலை கொடுக்க வேண்டியவர் வேறொருவர். அடுத்த வீட்டுப் பணத்தில் அன்னதானம் செய்வது போன்றது அது.

'விறகு ஒடிப்பவளும் பெண்தானே?' என்று கேட்கலாம். ஆமாம், அவள் வனதேவதை அல்ல. அவளுக்கும் அடுப்பு எரிய வேண்டும். நாளைக்கும் சுள்ளி வேண்டும் என்கிறவளுக்குத்தான் மரம் நின்றாக வேண்டும் என்ற கணக்குத் தெரியும்.

அவ்வளவு தூரம் போவானேன்? பசுமலையிலிருந்து வடக்கே, அழகர்மலையை ஒட்டிய காசம்பட்டியில் ஒரு கோயில் காடு இருக்கிறது. மொத்தம் 4.97 ஹெக்டேர்தான். 2025-ல் சர்க்கார் அதைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. கோயில் காட்டில் காய்ந்த குச்சியையும் எடுக்கலாகாது என்பது பல ஊர்களின் கட்டுப்பாடு. சாமிக்குப் பயந்து ஊரே கட்டுப்பட்டது என்போம். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டின் சிரமத்தைத் தினந்தோறும் சுமந்தவள் அடுப்புக்கு விறகு தேடியவள். அவளுக்கு முதல் மரியாதை கிடைத்ததா? சில ஊர்களில் அந்தக் காட்டுக்குள் நுழையவே அவளுக்கு அனுமதி இல்லை.

2024-ல் அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்றதும் மேலூர் வட்டாரமே கிளம்பியது. பெண்களும் வீதிக்கு வந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய சர்க்கார் அந்த ஏலத்தை ரத்துச் செய்தது. போராட்டம் என்றால் பெண் வேண்டும். முடிவெடுக்கும் கூட்டத்தில் மட்டும் அவள் பின்வரிசையில் உட்கார வேண்டுமா?

2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் பட்டாவில் கணவன் மனைவி இருவர் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்கிறது. சட்டம் சொல்லிவிட்டது. 'உனக்கென்ன தெரியும், சும்மா இரு' என்ற வீட்டுச் சட்டம்தான் இன்னும் மாறவில்லை.

அவளைக் கும்பிட வேண்டாம். காட்டைப் பற்றிய காகிதம் ஊருக்கு வரும்போது அவளைக் கேட்டால் போதும். அவள் 'வேண்டாம்' என்றால், அந்த ஒரு சொல்லுக்காகக் காகிதம் திரும்பிப் போக வேண்டும். அதுதான் நியாயம்.