கடைசியாகக் கொடுக்க வேண்டிய அறை

நூறு அறைகள் கொண்ட ஒரு நகர விடுதி. அவற்றில் ஒரே ஓர் அறையில்தான் சக்கர நாற்காலி தடையில்லாமல் நுழையும், குளியலறை வரை போகும். மாலையில் வரும் ஒருவர் அந்த அறை விசாலமாக இருப்பதைப் பார்த்து அதையே கேட்கிறார். நடப்பதில் அவருக்குச் சிரமம் எதுவும் இல்லை. வேறு அறைகளும் காலியாக இருக்கின்றன. விடுதி அந்த அறையை அவருக்குக் கொடுக்கலாமா?

முதலில் வந்தவருக்கு முதலில் என்பது வியாபார வழக்கம். யாரிடமும் பாரபட்சம் காட்டாத விதி போலத்தான் அது தோன்றும். ஆனால், இரவு பத்து மணிக்கு எழும்பூரில் ரயில் இறங்கி, மறுநாள் காலை மருத்துவமனைக்கோ நேர்காணலுக்கோ போகவேண்டிய ஒருவர் சக்கர நாற்காலியில் வந்து நின்றால், மீதி அறைகளில் எத்தனை காலியாக இருந்தாலும் அவருக்கு இடமில்லை. முன்னவருக்குக் கிடைக்காமல் போவது ஒரு விருப்பம். பின்னவருக்குக் கிடைக்காமல் போவது அந்த இரவுக்கான தங்குமிடம். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயம் ஆகாது.

மற்ற அறைகள் ஏன் உதவாது என்பது குளியலறை வாசலில் நின்று பார்த்தால் புரியும். பல லாட்ஜ்களில் நிலை இரண்டரை அடி. கட்டையும் கதவும் போக மிஞ்சுவது அதற்கும் குறைவு. சாதாரண சக்கர நாற்காலியே இரண்டடிக்கு மேல் அகலம், சக்கரத்தைத் தள்ளும் கைகளுக்கும் இடம் வேண்டும். தண்ணீர் வெளியே வராமலிருக்கக் கட்டிய சிறு படி முன்சக்கரத்தைத் தடுக்கும். அதையும் தாண்டினால் உட்புறம் திறக்கும் கதவைச் சாத்த இடமிருக்காது. கழிப்பறை இருக்கைக்கு மாறப் பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருக்காது. மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் கதவுக்கு 900 மில்லிமீட்டர் திறப்பும் நாற்காலி திரும்ப 1500 மில்லிமீட்டர் வட்டமும் கேட்பது இதனால்தான்.

“கவலைப்படாதீங்க சார், பசங்க தூக்கி விட்டுடுவாங்க” என்று வரவேற்பு மேசையில் சொல்வார்கள். அந்த நல்லெண்ணம் உண்மையானது. ஆனாலும் நள்ளிரவில் கழிப்பறைக்குப் போக முன்பின் தெரியாத இருவரை எழுப்பி, அவர்கள் கையில் உடம்பை ஒப்படைக்க வேண்டிய நிலையில் எந்த விருந்தினரையும் வைக்கக் கூடாது. வருபவர் பெண்ணாக இருந்தால் அந்தச் சங்கடத்தைச் சொல்லவே வேண்டாம். கதவு அகலமாக இருந்தால் யாருடைய இரக்கமும் தேவைப்படாது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பொதுமக்கள் பயன்படுத்தும் தனியார் கட்டடங்களுக்கும் பொருந்தும். அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக நிற்பது அந்தச் சட்டத்துக்கே முரண் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் கெடு விதித்தது. என்றாலும் அறை இருப்பது ஒன்று. தேவைப்படுபவருக்கு அது கிடைப்பது வேறு. அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த ஒரு விதி இந்த இடைவெளியை அடைக்கிறது. அதே வகையைச் சேர்ந்த மற்ற அறைகள் எல்லாம் நிரம்பிய பிறகுதான் இத்தகைய அறையைப் பிறருக்குக் கொடுக்கலாம். மாற்றுத்திறனாளி முன்பதிவு செய்துவிட்டால் அந்த அறையையே அவருக்கு உறுதிசெய்ய வேண்டும்.

அறையைக் காலியாக வைத்திருந்தால் நட்டம் என்று உரிமையாளர்கள் சொல்லலாம். இந்த விதியில் அறை காலியாகவே கிடக்க வேண்டியதில்லை, விற்கும் வரிசைதான் மாறுகிறது. விடுதி நிரம்பும் நாளில் அதுவும் விற்கும். ‘சக்கர நாற்காலியில் யாரும் வருவதில்லையே’ என்ற வாதமும் நிற்காது. நுழைய முடியாத இடத்துக்கு யார் வருவார்கள்? லிஃப்ட் வைக்க முடியாத பழைய லாட்ஜின் இக்கட்டு மட்டும் உண்மையானது. அந்த உரிமையாளரிடம் உடனே எல்லாவற்றையும் எதிர்பார்க்க முடியாது. தரைத்தளத்தில் ஓர் அறையையாவது சீரமைக்கலாம். அதுவரை, போனில் கேட்பவரிடம் “எல்லா வசதியும் இருக்கு” என்று சொல்லாமல் உள்ளதைச் சொல்லலாம். அந்த ஒரு பொய்யை நம்பி வந்தவர், இரவில் பெட்டியோடு வேறு விடுதி தேடி அலைய நேரும்.

விடுதி நடத்துபவர்கள் இதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். டேப் எடுத்துக் குளியலறைக் கதவை அளந்து, அந்த அளவையும் படத்தையும் முன்பதிவுப் பக்கத்தில் போடுங்கள். பொருத்தமான அறை இருந்தால் அதை மற்றவர்களுக்குக் கடைசியாகக் கொடுங்கள். இல்லையென்றால், இல்லை என்று சொல்லுங்கள்.