சொன்ன பிறகு

‘டீச்சர், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க’ என்று கெஞ்சிவிட்டு, வீட்டில் சித்தப்பா தன்னிடம் நடந்துகொள்ளும் விதத்தை ஒரு சிறுமி சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆசிரியைக்குச் சட்டம் ஒரு வழியைத்தான் விட்டுவைத்திருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் அதைக் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. பிள்ளைக்கு இதில் சம்மதமா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. நம்பிச் சொன்ன ஒரு குழந்தையின் வேண்டுகோளை மீறும்படி அரசு ஒருவரைக் கட்டாயப்படுத்துவது அறமா?

அறம்தான். நம் ஊர்களில் இத்தகைய மௌனம் யாரைக் காப்பாற்றி வந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். ‘வெளியே தெரிஞ்சா பொண்ணுக்குக் கல்யாணம் ஆகாது’, ‘பெரியவங்க பேசி முடிச்சிக்கலாம்’ என்ற பேச்செல்லாம் பிள்ளையின் பெயரால் எழுந்தாலும், அவற்றால் தப்பித்தவர் எப்போதும் பெரியவர்தான். ஒன்றிய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். கொடுமை செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அது நம்பியிருந்தவர்கள். மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு விடுதியைச் சேர்ந்த பழங்குடி மாணவிகள் 17 பேர் கொடுமைக்கு ஆளானதாக வழக்குப் பதிவானது. அவர்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர், நடந்ததைத் தெரிந்தும் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. அவர் மீதான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. அந்த விடுதிப் பிள்ளைகளுக்கு வெளியுலகில் இருந்த ஒரே வாய் அந்த மருத்துவருடையதாக இருந்திருக்கலாம். அப்படிப்பட்ட வாய் மூடிக்கிடப்பதைத் தொழில் ரகசியம் என்று எவரும் நியாயப்படுத்த முடியாது.

ஆனால் இதே சட்டம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் வேறு முகம் காட்டுகிறது. பதினேழு வயதுப் பெண்ணைத் தாய் அழைத்து வருகிறாள், பெண் கர்ப்பம். செவிலியர் வயதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைப் பார்க்கிறார். விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) பதிய வேண்டும், மகளிர் காவல் நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும். மாலைக்குள் அவள் காதலிக்கும் பத்தொன்பது வயதுப் பையனின் வீட்டு வாசலில் போலீஸ் நிற்கும். இதைத் தெரிந்துகொண்ட அடுத்த தாய் சுகாதார நிலையத்துப் பக்கமே வரமாட்டாள். மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு, ரத்தப்போக்கு நிற்காதபோதுதான் ஆட்டோ பிடிப்பாள். பிள்ளையைக் காக்க எழுதிய சட்டம் இங்கே பிள்ளையை மருத்துவரிடமிருந்தே விரட்டுகிறது.

உச்ச நீதிமன்றம் இதையும் கண்டுகொண்டது. சந்திரபூர் தீர்ப்புக்குச் சற்று முன்பு, 2022 செப்டம்பர் 29 அன்று, சம்மத உறவால் கருவுற்ற சிறுமியும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல் துறைக்குத் தரும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்றது. அதே ஆண்டு டிசம்பரில் தமிழகக் காவல் துறைத் தலைவரும், காதல் தொடர்பான போக்சோ வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பினார். இரண்டு தீர்ப்புகளும் முரண்படுவதுபோலத் தோன்றினாலும் எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒருவர் மற்றவர் மீது வைத்திருக்கும் பிடி எவ்வளவு என்பதே இரண்டு இடத்திலும் உள்ள கேள்வி. விடுதி நிர்வாகியின் பிடி வேறு, பக்கத்துத் தெருப் பையனுடையது வேறு.

இந்த அளவுகோலும் எல்லா இடத்திலும் கை கொடுப்பதில்லை. மேற்கு வங்கத்தில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி தன்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்த ஒருவனோடு போனாள். சட்டப்படி அது குற்றம். பிடி யாருடையது என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் வளர்ந்து பெரியவளான பிறகு, அவனை மீட்கக் கடன்பட்டு, போலீஸும் வக்கீலும் கோர்ட்டுமாக அலைந்தாள். 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், குற்றத் தீர்ப்பை நிலைநிறுத்திய பின்னும் அவனுக்குத் தண்டனை விதிக்க மறுத்தது. குற்றத்தைவிட அதன் பின் வந்த நடவடிக்கைகளே அவளை அதிகம் வதைத்தன என்பது காரணம். பெற்ற வீடு கைவிட்டபோதும் சமூகம் பழித்தபோதும் அரசு அவள் பக்கத்தில் இல்லை. இருந்திருந்தால் அவள் முன்னால் வேறு வழிகளும் இருந்திருக்கும்.

‘சொல்லியே ஆக வேண்டும்’ என்று பிறரைக் கட்டாயப்படுத்தும் அரசுக்கு, சொன்ன பிறகு நடப்பது முழுவதும் கடனாகிறது. எழுத்தில் அந்தக் கடன் இருக்கவே செய்கிறது. சீருடை அணியாத அதிகாரி, குழந்தை இருக்கும் இடத்துக்கே போய் வாக்குமூலம் வாங்க வேண்டும். முடிந்தவரை அவர் பெண்ணாக இருக்க வேண்டும். வழக்கைக் கூடியவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும். ஆனால் வருடக்கணக்கில் இழுக்கும் வழக்குகள் எத்தனை! ஒன்பது வயதில் நடந்ததைப் பதின்மூன்று வயதில் கூண்டில் ஏறிச் சொல்லும் பிள்ளை, மறக்கப் பழகிய ஒன்றை நினைவில் வைத்திருக்கும்படி நிர்பந்திக்கப்படுகிறாள்.

ஒவ்வொரு கொடூரத்துக்குப் பிறகும் தண்டனையைக் கூட்டுவதில்தான் அரசுகளின் கவனம் போகிறது. 2019இல் போக்சோவில் மரண தண்டனையே வந்துவிட்டது. ஆனால் குற்றவாளி சித்தப்பா என்றால், ‘உன்னால அவர் தூக்குல தொங்கணுமா?’ என்று பாட்டி கேட்கும் கேள்விக்குப் பிள்ளை என்ன பதில் சொல்வாள்? தண்டனை ஏற ஏற, வீட்டுக்குள் அவள் வாயை அடைக்கும் நெருக்கடியும் ஏறுகிறது.

இந்த நெருக்கடியில் பிள்ளையோடு நிற்கத்தான் 2020ஆம் ஆண்டு விதிகளில் ஆதரவு நபர் என்ற ஏற்பாடு இருக்கிறது. புகார் கொடுத்த நாள் முதல் தீர்ப்பு வரை உடன் வருவதும், அடுத்து என்ன நடக்கும் என்று பிள்ளைக்குப் புரியும்படி சொல்வதும், இழப்பீட்டுக்கு மனு போட உதவுவதும் அவர் வேலை. அவரை நியமிப்பதைப் பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. பயிற்சி பெற்ற அப்படி ஒருவரை ஒவ்வொரு பிள்ளைக்கும், எஃப்.ஐ.ஆர். பதிவான முதல் வாரத்திலேயே, உரிய சம்பளத்தோடு மாநில அரசு அமர்த்தித் தர வேண்டும். அதற்குப் பணம் இல்லை என்று சொல்லும் அரசுக்கு, வாய் திறக்காத ஆசிரியையைச் சிறைக்கு அனுப்பும் தகுதி கிடையாது.