சமையல் மேடையும் கலத்தின் ஸ்வரூபமும்

தீஸியஸ் என்ற வீரன் ஏறித் திரும்பிய முப்பது துடுப்புக் கலத்தை ஏதென்ஸ் நகரத்தார் நெடுங்காலம் பேணிவந்தார்கள் என்றும், உளுத்த பலகைகளைக் களைந்து உறுதியான புதுப் பலகைகளை அவற்றின் ஸ்தானத்தில் பொருத்திக்கொண்டே போனமையால், அது அதே கலந்தானா அன்றி வேறொன்றா என்பது தத்துவவாதிகளுக்குள் தீராத வழக்காயிற்று என்றும் புளூடார்க் எழுதிவைத்திருக்கிறார். அன்று தொட்டு இவ்வழக்கை விசாரித்தவர்கள் பெரும்பாலும் கலத்தின் வெளிப்பலகையையே சாட்சிக்கு அழைத்தார்கள். கலத்துக்குள் சமைத்து உண்ணும் இடத்தைக் கேட்டவர் அரியர். (அத்தகைய துடுப்புக் கலத்தில் அடுக்களை ஏது, கரையிறங்கியல்லவா சமைத்திருப்பார்கள் என்று வாசகர் மறுத்தால், அதை ஒப்புக்கொள்கிறேன்.) ஆயினும் ஒரு பொருளின் ‘தான்’ என்பது எங்கே தங்கியிருக்கிறது என்ற கேள்விக்கு, பழைய பாய்மரப் படகொன்றின் சமையல் மேடையை மாற்றும் வேலை ஏதென்ஸ் நகரத்தாரின் பணியைக் காட்டிலும் தெளிவான விடை தருகிறது என்பது என் துணிபு.

அமெரிக்காவில் ரோட் ஐலண்டு மாநிலத்துப் பிரிஸ்டல் நகரில் படகு கட்டிவந்த பியர்சன் குடும்பத்தார், 1959-ஆம் ஆண்டு நியூயார்க் படகுக் கண்காட்சியில் ‘டிரைட்டன்’ என்ற 28 அடிப் பாய்மரப் படகைக் காட்சிக்கு வைத்தார்கள். ஸ்வீடன் தேசத்தில் பிறந்த கார்ல் ஆல்பர்க் அதை வரைந்தவர். உடற்கூடு மரத்தாலன்றிக் கண்ணாடியிழையாலும் பிசினாலும் ஆனது. ஒரே அமைப்பில் ஏறத்தாழ 700 படகுகள் வெளிவந்தன. அவற்றுள் பல இன்றும் மிதக்கின்றன. கண்ணாடியிழை உளுப்பதில்லை. ஆகவே தீஸியஸின் கலத்தில் நேர்ந்ததற்கு நேர்மாறாக, இவ்வகைப் படகில் மேனி நிலைக்க, உள்ளுறுப்புகளே மூப்படைகின்றன. அவற்றுள்ளும் முந்தி மூப்பது பெரும்பாலும் அடுக்களைதான். கடல் உப்பு மரத்தைப் பூஞ்சையினின்றும் ஓரளவு காக்கும்; மரத்துக்குச் சத்துரு நன்னீரே. பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பிலும், பனிக்கட்டிப் பெட்டியின் மூடிக்காக மேடையில் அறுத்த துவாரத்தின் ஓரத்திலும் ஆண்டுக்கணக்காகக் கசிந்த நன்னீர், பார்மைக்காத் தகட்டின் கீழிருக்கும் ஒட்டுப்பலகையை ஏடு ஏடாகப் பிரித்துவிடுகிறது. மேலே பளபளப்புக் குன்றாதிருக்க, விரலால் அழுத்தினால் உள்ளே பொதபொதவென்று அமுங்கும்.

மேடையைப் பெயர்க்கத் தொடங்கியவருக்கு முதல் பாடம் வாயிற்படியிலேயே காத்திருக்கிறது. இத்தகைய படகுகள் பலவற்றில் மேல்தளத்தைக் கவிக்குமுன்பே உள்ளமைப்புகளைப் பொருத்திவிடுவார்கள். ஆதலால் வாசல் என்ற ஒன்று உண்டாகுமுன் உட்புகுந்த பெரும்பலகை, பின்னர் உண்டான குறுகிய வாசலின் வழியே முழுமையாக வெளியேற மாட்டாது. அறுத்தே எடுக்க வேண்டும். இரண்டாவது பாடம் இன்னும் கடினமானது. வீட்டுச் சுவரில் மூலைமட்டத்தை வைத்துக் கோணம் பார்ப்பதுபோல் படகில் பார்க்க இயலாது. உடற்கூடு மேலும் கீழும், முன்னும் பின்னும் வளைந்து செல்வதால், மேடையின் பின்விளிம்பு எந்த ஜியாமிதி நூலிலும் அடங்காத ஒரு வளைவாக இருக்கும். தச்சன் அங்கே அளவுகோலை ஒதுக்கிவிட்டு, மெல்லிய சட்டங்களை உடற்கூட்டில் முட்டவைத்து ஒன்றோடொன்று ஒட்டி, அவ்வளைவைப் பிரதி எடுத்துக்கொண்டு, அப்பிரதியைப் புதுப்பலகையின்மேல் கிடத்திக் கோடு கிழிக்கிறான். படகு காற்றில் சாய்ந்து ஓடுகையில் தட்டும் குவளையும் வழுக்கி விழாதிருக்க, முன்விளிம்பில் தேக்குக் கட்டையால் ஒரு வரம்பு வேண்டும். அவ்வரம்பின் மூலையில், துடைத்த தண்ணீரும் ரொட்டித் துகளும் வெளிப்பட ஓர் இடைவெளியும் வேண்டும். அருகிலிருக்கும் அடுப்பு, படகு சாய்ந்தாலும் தான் சாயாமல் ஊஞ்சலாடுவதானால், அது ஆடுமிடத்துக்கும் மேடை வழிவிட்டாக வேண்டும்.

இனி நம் தேசத்துச் சாஸ்திரகாரர்களை இப்படகில் ஏற்றிப் பார்ப்போம். அவயவங்களின் வேறாக அவயவி என்ற ஒரு முழுப்பொருள் மெய்யாகவே உண்டு என்பது நையாயிகர் கொள்கை. ஆனால் ஓர் அவயவம் நீங்கிய கணமே பழைய அவயவி நசித்து, எஞ்சிய பகுதிகளிலிருந்து வேறோர் அவயவி பிறக்கிறது என்றும் அவர்கள் சொல்லுகிறார்கள். பௌத்தரோ, முழுப்பொருள் என்பதே இல்லை என்பார். மிலிந்தன் என்ற யவன அரசனிடம் நாகசேனர் தேரைக் காட்டி, அச்சு, உருளை, நுகம் இவற்றுள் எது தேர் என்று வினவியது அதை நாட்டவே. நூற்றாண்டுக்கணக்காக ஒருவரையொருவர் கண்டித்த இவ்விரு சாராரும், மேடை மாறிய படகைப் பார்த்து ‘பழைய படகு இப்போது இல்லை’ என்று ஏககண்டமாகத் தீர்ப்பளிப்பது விநோதமாகத்தான் இருக்கிறது. அந்தத் தீர்ப்பை ஏற்கப் படகுக்காரன் மாத்திரமன்றிச் சர்க்காரும் இசைவதில்லை. படகுக்குரிய அடையாள எண்ணை உடற்கூட்டில் பதிக்கச் செய்யும் அமெரிக்கச் சட்டம், உள்ளே எத்தனை மேடைகள் மாறின என்று கேட்பதேயில்லை.

பதஞ்சலி மகரிஷி மகாபாஷ்யத்தின் தொடக்கத்தில் பொன்னை உதாரணமாக எடுத்துக்கொண்டு, ஓர் ஆபரணத்தை உருக்கி வேறோர் ஆபரணம் செய்கையில் ஆகிருதி மாற, திரவியம் மாறாது நிற்பதை எடுத்துரைக்கிறார். சமையல் மேடையில் காண்பது இதன் விபரீதம்: திரவியம் குப்பைக்குப் போகிறது, ஆகிருதி நிற்கிறது. அப்படியானால் ஆகிருதியே கலத்தின் ஸ்வரூபம் என்று சொல்லிவிடலாமா? முடியாது; ஒரே ஆகிருதியில் பிறந்த 700 படகுகளும் ஒரே படகு ஆகிவிடவில்லையே. கையால் இழைத்துப் பொருத்திய மேடை பக்கத்துச் சகோதரப் படகில் அப்படியே பொருந்தும் என்றுகூட எதிர்பார்ப்பதற்கில்லை.

நான் காணும் விடை, சட்டங்களை முட்டவைத்து வளைவைப் பிரதி எடுக்கும் அந்தச் செய்கையிலேயே இருக்கிறது. புதிதாக வந்த பலகை எதற்குப் பணிந்து தன்னை இழைத்துக்கொள்கிறதோ, அதுவே பழைய கலம். வந்ததற்குத் தன் நியதியை விதிக்கும் வலிமை எஞ்சியவற்றுக்கு உள்ளவரையில் கலம் நசிக்கவில்லை. இதை எதிர்மறையாகவும் சோதிக்கலாம். வீட்டுச் சமையலறையின் அழகில் மயங்கிய ஒருவர், தடித்த கருங்கல் பலகையைப் படகில் பதிக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள கல், சதுர மீட்டருக்கு 50 கிலோகிராமுக்கு மேல் நிறுக்கும். சிறு படகு அந்தப் பக்கமாகத் தாழும். தாழ்ந்ததை நிமிர்த்த மறுபக்கம் பாரம் ஏற்ற வேண்டும். ஏற்றிய பாரத்துக்குத் தக வேகம் குன்றும். இங்கே பணிந்தது படகு, ஆண்டது கல். ஒரு திருகாணியும் கூடக் களையப்படாதிருக்கையிலேயே இப்படகு வேறொன்றாகத் தொடங்கிவிட்டது என்பேன். ஆதலால் பலகை மாற்றுபவனுக்குத் தச்சுத்திறனோடு ஒரு வைராக்கியமும் வேண்டியிருக்கிறது. தன் ருசியைப் படகின்மேல் ஏற்றாமல், படகின் வளைவுக்குத் தன் ருசியை இறக்கிக்கொள்ளும் வைராக்கியம் அது.

ஆங்கிலேயத் தத்துவஞானி ஹாப்ஸ் 1655-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் தீஸியஸின் கலத்துக்கு ஒரு முடிச்சைக் கூட்டினார்: கழித்த பழம்பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து, அதே முறையில் அடுக்கி மற்றொரு கலம் செய்தால், மெய்யான கலம் இரண்டினுள் எது? மேடையோடு பழகியவருக்கு இந்த முடிச்சு அவ்வளவு இறுகியதாகத் தோன்றாது. ஏதென்ஸ் நகரத்தார் எல்லாப் பலகைகளையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால், பணிவதற்கு ஒன்றுமில்லாத வெறும் நகலையே செய்திருப்பார்கள். சிறிது சிறிதாக மாற்றியதால், வந்த ஒவ்வொரு பலகையும் அன்று நின்றவற்றுக்குப் பணிந்தது, அடுத்து வந்தது அதற்குப் பணிந்தது. சேகரித்தவனுடைய பலகைகளோ அக்காலமெல்லாம் ஒன்றுக்கும் நியதி விதிக்காமல் கொட்டகையில் கிடந்தவை. அவற்றை ‘அதே முறையில்’ அடுக்க வேண்டும் என்கிறாரே ஹாப்ஸ், அந்த முறையை அவன் எந்தக் கலத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டான்?