விலகி நிற்கும் எண்

முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்கள் புள்ளியியல் என்றாலே அஞ்சுகிறார்கள். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, இரவில் கணினித் திரையில் பாடம் கேட்பவர்களுக்கு அந்த அச்சம் இரட்டிப்பு. கணக்கு ஒருபுறம், ஓரத்தில் எவ்வளவு இடம் விடுவது, அட்டவணைக்கு எங்கே தலைப்பிடுவது என்ற விதிகள் மறுபுறம்.

இவற்றை நான் பழிக்கமாட்டேன். ஒழுங்கில்லாமல் சொன்ன உண்மை பிறருக்கு எட்டாது. ஆனால், ஒழுங்கின் மீதே மோகம் வந்துவிட்டால்?

விருதுநகர் மாவட்டத்து மாணவர் ஒருவர் சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலை விபத்துகளை ஆராய்வதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு விபத்திலும் மாண்டவர் எத்தனை பேர் என்று வரிசையாக எழுதுகிறார். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. அந்த ஒரே விபத்தில் ஏறக்குறைய 40 பேர்! சராசரி எகிறிவிடுகிறது. கூட்டத்தை விட்டு விலகி நிற்கும் அந்த ஓர் எண்ணை நீக்கிவிட்டால் அட்டவணை அழகாகிவிடும், பக்கத்துக்குள்ளும் அடங்கும்.

தவறாகப் பதிந்த எண்ணை நீக்கலாம். நடந்ததை நீக்கலாமா?

அன்று மாண்டவர்களில் அந்த ஆலையில் வேலை செய்யாதவர்களும் உண்டு. வெடிச் சத்தம் கேட்டு, உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்ற ஓடிய ஊர்க்காரர்கள். நெருப்பைக் கண்டு விலகி ஓடுவதுதான் மனித சுபாவத்தின் சராசரி. அந்தச் சராசரியிலிருந்து விலகியவர்கள் அவர்கள். அவர்களையா கணக்கிலிருந்து விலக்குவது?

அந்த எண்ணைச் சேர்த்து ஒரு சராசரி, சேர்க்காமல் ஒரு சராசரி. இரண்டையும் போட்டு, காரணத்தையும் எழுதட்டும். ஒரு பக்கம் கூடும். கூடினால் என்ன?