பெயரில்லாத ‘ஆம்’

சாட்சிக் கூண்டில் ஏறி நிற்பவரிடம் முதலில் கேட்கப்படுவது அவருடைய பெயர். பெயர் சொல்லாதவரின் சாட்சியம் ஏட்டில் ஏறுவதில்லை. ஒரு சென்ட் நிலம் கைமாறுவதானாலும் பத்திரப் பதிவு அலுவலகத்தில் கையொப்பங்கள் வேண்டும், சாட்சிகள் வேண்டும். தன் சொந்தப் பொருளைக் கொடுப்பதற்கே இத்தனை கட்டுப்பாடு இருக்கிறது. அவ்வாறிருக்க, ஊரார் பொருளை, அதிலும் முதியோருக்கும் கைம்பெண்களுக்கும் உரிய பங்கை, இவ்வளவுதான் என்று முடிவு செய்யும் ஒருவர், தம் பெயர் எங்கும் பதியாமலேயே முடிவு செய்துவிட்டு எழுந்து செல்லலாமா? இது சட்டமன்ற விதிகளைப் பற்றிய கேள்விபோலத் தோன்றினாலும் அடிப்படையில் அறத்தைப் பற்றிய கேள்வியே.

ஒரு வாக்கின் மதிப்பு என்ன என்பதைத் தென்காசி மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் அத்தொகுதியின் முடிவைத் தீர்மானித்தவை வெறும் 462 வாக்குகள். 2021-இல் அதே இரு வேட்பாளர்கள் மீண்டும் எதிரெதிர் நின்றனர். முன்பு தோற்ற பழனி நாடார் இம்முறை 370 வாக்குகளில் வென்றார். அவ்வெற்றி நீதிமன்றம் வரை சென்றது; உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2023 ஜூலையில் தபால் வாக்குகள் மறுபடியும் எண்ணப்பட்டன. முடிவு மாறவில்லை. எனினும் ஒவ்வொரு சீட்டையும் எடுத்து, பிரித்து, செல்லுமா செல்லாதா என்று ஆராய்ந்து எண்ணினார்கள். மக்களின் வாக்குக்கு அவ்வளவு மதிப்பு! மதிப்பளித்தது முறையே.

ஆனால், அம்மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய உறுப்பினர் அவைக்குள் அளிக்கும் வாக்கின் கதை என்ன? பேரவைத் தலைவர் தீர்மானத்தை அவையின் முன் வைக்கிறார். ஏற்போர் ‘ஆம்’ என்கிறார்கள். மறுப்போர் ‘இல்லை’ என்கிறார்கள். எந்த ஓசை பெரிது என்று கேட்டுத் தலைவர் முடிவை அறிவிக்கிறார். இதற்குக் குரல் வாக்கெடுப்பு என்று பெயர். குற்றாலத்துப் பேரருவியின் கீழ் நின்றவர்கள் அறிவார்கள்: காதை அடைக்கும் பேரோசை கேட்கும், எந்தத் துளி எந்தப் பாறையில் பட்டு ஒலித்தது என்று எவராலும் சொல்ல இயலாது. குரல் வாக்கெடுப்பின் இயல்பும் அதுவே. உரத்துச் சொன்னவர், முணுமுணுத்தவர், வாய் திறவாதவர், வெளியே தாழ்வாரத்தில் நின்றவர் ஆகிய எல்லாரும் அந்த ஓசைக்குள் ஒன்றாகி விடுகிறார்கள்.

இத்தனைக்கும் அந்த உறுப்பினர் கையிலுள்ள அதிகாரம் சிறிதன்று. அரசின் மானியக் கோரிக்கைகளை ஏற்கவும் மறுக்கவும் குறைக்கவும் அவைக்கு உரிமை உண்டு என்று அரசியலமைப்புச் சட்டம் கூறுகிறது. மக்களவைக்கு 113-ஆம் பிரிவும், மாநிலச் சட்டமன்றத்துக்கு 203-ஆம் பிரிவும் இவ்வுரிமையை வழங்குகின்றன. ஆயினும் நடைமுறை வேறாக இருக்கிறது. 2018 மார்ச் 14 அன்று, மக்களவையில் பெருங்கூச்சலுக்கிடையே, மத்திய அரசின் அவ்வாண்டு மானியக் கோரிக்கைகளும் நிதி மசோதாவும் விவாதமின்றிக் குரல் வாக்கெடுப்பால் நிறைவேறின. எடுத்துக்கொண்ட நேரம் அரைமணி அளவே. பேசி முடிக்காத கோரிக்கைகளை ஒரே வீச்சில் நிறைவேற்றும் இம்முறைக்குக் ‘கில்லட்டின்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தலையை வெட்டும் கருவியின் பெயர்!

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று சிலர் கேட்கலாம். முதியோர் ஓய்வூதியத்தை எடுத்துக்கொள்வோம். நம் மாநிலத்தில் 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய அத்தொகை, 2011-இல் 1,000 ரூபாயாகவும் 2023-இல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது. மத்திய அரசு 1995-இல் 75 ரூபாயுடன் தன் பங்கைத் தொடங்கியது. பிறகு 2006-2007 நிதியாண்டில் அதை 200 ரூபாய் ஆக்கியது. எண்பது வயதை எட்டாதவர்களுக்கு அந்த 200 ரூபாய் 2025 வரை உயரவே இல்லை. இடைப்பட்ட காலத்தில் அரிசி விலை நின்றதா? மருந்து விலை நின்றதா? அந்த 200 ரூபாய் தானாக நிலைத்திருக்கவில்லை. ஆண்டுதோறும் அது அவையின் முன் வந்தது; ஆண்டுதோறும் அவை அதற்கு ‘ஆம்’ என்றது. அவ்வாறு சொன்னவர்களுள் நம் பகுதியின் உறுப்பினர்களும் உண்டா? எதிர்த்தவர் எவரேனும் உண்டா? தென்காசிக் கடைத்தெருவில் நிற்கும் ஒரு முதியவர் இதைத் தெரிந்துகொள்ள வழி ஏதும் இல்லை.

பீடித் தொழிலாளர் செய்தியும் இத்தகையதே. தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் வட்டாரங்களில் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் பல்லாயிரவர். அவர்களுக்கென்று 1976-ஆம் ஆண்டு பாராளுமன்றம் இரு சட்டங்களை இயற்றியது. ஒன்று பீடியின்மீது தீர்வை விதித்தது. மற்றது அத்தீர்வையைக் கொண்டு நலநிதி அமைத்தது. மருத்துவம், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை, வீடு கட்ட உதவி ஆகியவை அதிலிருந்து கிடைத்தன. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது அத்தீர்வை நீக்கப்பட்டது. பீடித் தொழிலுக்கென்றே ஊறிய ஊற்று அடைபட்டு, பொது வரவு செலவுத் திட்டத்தில் ஆண்டுதோறும் ஒதுக்கப்படுவதை எதிர்நோக்கும் நிலை வந்தது. இம்மாற்றம் சரியா தவறா என்பது வேறு வாதம். அதை முடிவு செய்தவர்கள் யார், எந்தக் காரணத்துக்காக முடிவு செய்தார்கள் என்பதை அப்பெண்கள் அறிய வேண்டாமா?

இங்கேதான் உள்ளத்தை உறுத்தும் ஒரு முரண் இருக்கிறது. அதே பெண் நியாய விலைக் கடைக்குச் சென்றால், அரிசி வாங்குவதற்குக் கருவியில் விரல் பதிக்க வேண்டும். பல்லாண்டுகள் இலை சுருட்டித் தேய்ந்த விரலில் ரேகை தெரியவில்லையென்றால் மறுபடி மறுபடி பதிக்க வேண்டும். ஓய்வூதியம் பெறும் முதியவர், தாம் இன்னும் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க வேண்டும். வாங்குகிறவர் அரைப்படி அரிசிக்கும் அடையாளம் காட்டுகிறார். கோடிகளை ஒதுக்குகிறவரோ, குறைக்கிறவரோ அடையாளம் காட்டுவதில்லை. எளியவரிடம் சான்று கேட்டு, வலியவரை நம்பி விட்டுவிடுவது என்ன நீதி?

பெயர் பதியும் வாக்கெடுப்பு நம் அவைகளுக்குத் தெரியாததன்று. மக்களவையில் வாக்குகளைப் பதியும் மின்கருவி 1957-லேயே வந்துவிட்டது. 2023 செப்டம்பர் 20 அன்று மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவுக்கு ஆதரவாக 454 பேரும் எதிராக இருவரும் வாக்களித்ததை நாடே அறியும். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 2017 பிப்ரவரி 18 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில், உறுப்பினர்களைப் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் செய்து எண்ணினார்கள். ஆதரவு 122, எதிர்ப்பு 11. ஆட்சி நிலைக்குமா என்ற கேள்வி எழும்போது எண்ணத் தெரிகிறது. ஏழையின் உலை கொதிக்குமா என்ற கேள்விக்கு மட்டும் ஓசையே போதும் என்கிறோம்.

அந்த 2017 வாக்கெடுப்பின்போது இரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்ற குரலும் எழுந்தது. தேர்தலில் வாக்காளருக்கு உள்ள மறைவு உறுப்பினருக்கு ஏன் கூடாது என்று கேட்கத் தோன்றும். வாக்காளர் அளிப்பது தம் சொந்த வாக்கு. வலியவரின் பழிவாங்கலிலிருந்து எளியவரைக் காக்கவே அங்கே திரை போடப்படுகிறது. உறுப்பினர் அளிப்பதோ தமக்குச் சொந்தமான வாக்கு அன்று. அது இலட்சக்கணக்கானோர் அவரிடம் ஒப்படைத்த அமானிதம். ஒப்படைத்தவருக்கு ஒளித்து அமானிதத்தைச் செலவிடுவதை எவரும் நேர்மை என்று கூறமாட்டார்.

இதற்கு மறுப்புகள் இல்லாமலில்லை. கட்சிக் கொறடா ஆணையிட்ட பின் தனி உறுப்பினருக்கு என்ன உரிமை இருக்கிறது என்பது முதல் மறுப்பு. 1985-ஆம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடாவின் ஆணையை மீறி வாக்களித்தால் பதவியே பறிபோகலாம். உண்மைதான். ஆனால் அச்சட்டம் வாக்கைக் கட்டுகிறதேயன்றிப் பெயரை மறைக்கச் சொல்லவில்லை. கட்சி சொன்னதால் கை தூக்கினேன் என்பவர், அதைத் தம் ஊர் மக்களின் முகம் பார்த்துச் சொல்லட்டும். சொல்ல நாணுகிறாரென்றால், அந்த நாணமே சிலவற்றைத் திருத்தும்.

நாம் பாராளுமன்ற முறையைப் பெற்ற பிரிட்டனில் 1836 முதல் வாக்கெடுப்புப் பட்டியல்கள் பெயரோடு அதிகாரபூர்வமாக வெளியாகின்றன. அங்கே ஒரு குடும்பத்தில் இரண்டு குழந்தைகளுக்கு மேல் நல உதவி இல்லை என்ற கட்டுப்பாடு 2017 முதல் இருந்தது. 2024 ஜூலை 23 அன்று அதை நீக்கக் கோரிய திருத்தம் 103-க்கு 363 என்று தோற்றது. ஆளும் தொழிற்கட்சியின் உறுப்பினர் எழுவர் தம் கட்சிக்கு மாறாக அதனை ஆதரித்தனர். கட்சி அவர்களை ஆறு மாதம் விலக்கி வைத்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் அதே அரசு அக்கட்டுப்பாட்டை நீக்குவதாக அறிவித்தது. எழுவரின் பெயரும் ஏட்டில் இருக்கிறது. எதிர்த்த 363 பேரின் பெயரும் இருக்கிறது. யாருக்குப் புகழ், யாருக்குப் பழி என்பதை அந்நாட்டு மக்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

பெயர் பதிந்தால் மக்களுக்கு அஞ்சி, கருவூலம் தாங்காத செலவுக்கெல்லாம் உறுப்பினர்கள் தலையசைப்பார்களே என்பது இரண்டாவது மறுப்பு. இது எளிதில் தள்ளக்கூடியதன்று. ஒரு திட்டத்தை எதிர்த்தவர் ஏழைக்குப் பகைவர் என்று ஆகிவிடாது. தொகை போதாது என்பதற்காகவும் எதிர்த்திருக்கலாம். தகுதியற்றோருக்குப் போகிறது என்பதற்காகவும் எதிர்த்திருக்கலாம். ஆகவே வாக்குப் பட்டியலை மதிப்பெண் பட்டியலாகக் கொள்ளலாகாது. அது உரையாடலின் தொடக்கம். ஏன் அவ்வாறு வாக்களித்தீர் என்று மக்கள் கேட்கவும், இதற்காக என்று அவர் விளக்கவும் அது இடந்தரும். விளக்கமளிக்கும் துணிவுள்ளவர், வேண்டாத செலவை வேண்டாம் என்று சொல்லவும் துணிவார்.

பெயரற்ற வாக்கு விளைக்கும் பெருந்தீங்கு வேறொன்று. கொடுப்பதற்கு இசைந்தவர் யார் என்று தெரியாதபோது, கொடுப்பவராகக் கண்ணில் படுகிறவர் சுவரொட்டியில் சிரிப்பவரே. மக்களின் வரிப்பணம் ஒருவரின் கொடையாகத் தோற்றம் கொள்கிறது, உரிமை சலுகையாகிறது. பெறுகிறவர் கேள்வி கேட்கும் குடிமகனாக நில்லாமல் நன்றி சொல்லும் இரவலராகக் குறுகுகிறார். புகழுக்கு மட்டும் ஒரு முகம் இருந்து, பொறுப்புக்கு முகமே இல்லாமல் போவது நல்லாட்சி ஆகாது.

ஆதலால், நலத்திட்டங்களுக்குரிய மானியக் கோரிக்கைகளேனும் பெயர் பதியும் வாக்கெடுப்புக்கு விடப்பட வேண்டும் என்று நாம் கேட்பது மிகையன்று. மக்களவை விதிகளின்படி, குரல் வாக்கெடுப்பின் முடிவை மறுத்துப் பிரிவு வாக்கெடுப்புக் கோரும் உரிமை ஒவ்வோர் உறுப்பினருக்கும் இருக்கிறது. தேர்தல் வரும்போது நம் வாசலுக்கு வருகிறவரிடம், எத்தனை தெருவிளக்குப் போட்டீர் என்று கேட்பதோடு இன்னொன்றையும் கேட்போம்: முதியோரின் பங்கு அவையின் முன் வந்த நாளில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? அதை உங்கள் பெயரோடு பதியச் சொன்னீர்களா?